பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை

நான் மருத்துவத் துறைக்காரன் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அந்தப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2023 தீபாவளி முடிந்த கையோடு எங்கள் தோட்டத்துப் பழைய லயம் ஒன்றில் சின்னமுத்து, அதாவது தட்டம்மை (மீசில்ஸ்), வந்துவிட்டது. விசாரிக்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. லயத்து ஆட்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான் தெரியும். நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டுமென்று அதிபரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படித்தான் இதற்குள் போனேன். அடுத்த இரண்டு மாதத்தில் கண்டதையும் கேட்டதையும், நான் செய்த ஒரு தவறையும் சேர்த்து எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இராது.

முதலில் அந்த லயத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பன்னிரண்டு காம்பரா, ஒரே நீளக் கூரை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), உள்ளே ஓர் அறை, பின்னால் இருட்டுக் குசினி. காம்பராக்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரை போகாது. சுவரின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் வெளி. நாலாம் காம்பராவில் கருவாடு பொரித்தால் ஏழாம் காம்பராவில் சோறு இறங்கும் என்று அங்கே பகிடி சொல்வார்கள். ராத்திரி யார் இருமினாலும் எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி, உப்பு, பச்சைமிளகாய் எல்லாம் சுவருக்கு மேலாலேயே கைமாறும்.

சின்னமுத்துக் கிருமி காற்றில் பரவுவது. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றும். இந்தக் கிருமிக்கென்று ஒரு வீட்டை வரைந்து கொடுக்கச் சொன்னால், வரைகிறவர் நம் லயத்தைத்தான் வரைவார்.

நடந்தது இதுதான்

கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை செய்யும் 22 வயதுப் பையன் ஒருவன் நவம்பர் 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினான். 12ஆம் திகதி தீபாவளி. வரும்போதே காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. பஸ் யன்னல் காற்று என்று நினைத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இஸ்தோப்பில் கரம் விளையாட்டு, சுற்றிலும் லயத்துப் பிள்ளைகள். திங்கட்கிழமை காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி தொடங்கி முகத்துக்கு இறங்கியது. அவன் அம்மா விளங்கிக்கொண்டாள். "அம்மா பாத்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகினாள். எங்கள் குளிரில் வேம்பு லேசில் வளராது. தீபாவளிச் சாமான் ஏற்றி வந்த லொறிக்காரரிடம் சொல்லிக் கீழே இருந்து எடுப்பித்த கொத்து அது. அந்த வீட்டில் தாளிப்பு நின்றது. வெளி ஆட்கள் வாசலோடு திரும்பினார்கள்.

வேப்பிலையை நான் கேலி செய்ய மாட்டேன். அம்மை கண்ட வீட்டுக்குப் போகாதே, அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வாங்காதே என்று மாரியம்மன் பேரில் நம் கிழவிகள் வைத்திருந்த ஒழுங்கு, கிருமியின் பெயர் தெரியாமலே செய்துகொண்ட தனிமைப்படுத்தல்தான். சின்னமுத்தில் இருக்கிற சிக்கல் வேறு. புள்ளி தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை வாசலுக்கு வந்த நேரம் கரம் ஆட்டம் முடிந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பையனை முதலில் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் பலகார எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஜூலையில் சான்றிதழ் கொடுத்திருந்தது. கண்ணால் காணாத நோயை எந்தக் கண் அடையாளம் பிடிக்கும்? அந்த 2023இன் நடுப்பகுதியில்தான் கொழும்புப் பக்கம் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்தது. வியாழக்கிழமை டவுனில் வேறொரு டொக்டர் பார்த்தார். கன்னத்தின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்து, இரத்தம் எடுத்து அனுப்பி, அன்றைக்கே அறிவித்தும் விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பரிசோதகரும் மிட்வைஃப் மிஸ்ஸியும் ஐஸ் பெட்டியோடு லயத்துக்கு வந்தார்கள்.

கிருமிக்குள் அகப்பட்டவருக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயை முந்திவிட வாய்ப்பு உண்டு. அந்தக் கெடு செவ்வாயோடு முடிந்திருந்தது. பிந்திப் போட்டதும் வீண் இல்லை, அடுத்த சுற்றையாவது தடுக்கும். அதனால்தான் பெட்டியோடு வந்தார்கள்.

கொப்பிகளை விரித்துப் பார்த்தபோது

லயத்தில் 5 வயதுக்குக் கீழே 14 பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் கிளினிக் கொப்பியை வாங்கி, ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு ரோஸ் என்று இஸ்தோப்பு வாங்கில் அடுக்கிக்கொண்டோம். சில கொப்பி பொலித்தீன் உறையில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒன்று அரிசி வாளிக்குள் இருந்து வந்தது.

சின்னமுத்து, கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி), ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி நம் நாட்டில் 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. 14 பேரில் 2 பேர் 9 மாதம் ஆகாத கைக்குழந்தைகள். மீதி 12 பேரில் 8 பேருக்கு வயதுக்குரிய ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தது. 4 பேருக்கு எம்.எம்.ஆர். ஒன்றுகூட இல்லை.

ஊசி மறுத்த 4 பிள்ளைகள் என்றுதான் அன்று அறிக்கையில் எழுதப் போனார்கள். வீடு வீடாகக் கேட்டபோது கதை வேறாக இருந்தது. அக்காவும் தம்பியுமான இரண்டு பேர் அப்பாயிடம் வளர்கிறவர்கள், அம்மா சவூதியில் வீட்டு வேலை. அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, கொப்பியில் அடுத்த திகதியை மிஸ்ஸி சிங்களத்தில் எழுதியிருந்தார். மூன்றாவது பிள்ளை கொழும்பில் பிறந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் அப்பாவுக்கு வேலை போய்க் குடும்பம் மூட்டை முடிச்சோடு தோட்டத்துக்குத் திரும்பியபோது கொப்பி தொலைந்தது. கொப்பி இல்லாமல் கிளினிக்குக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையே நம்பி இருந்துவிட்டார்கள். ஆக, 4 பேரில் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன வீடு ஒன்றே ஒன்று.

அப்பாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. என் ஃபோனில் சவூதிக்கு வாட்ஸ்அப் போட்டோம். அங்கே அவள் எசமானி வீட்டுக் குசினியில் நின்றபடி, "போடுங்க சேர், ரெண்டு பேருக்கும் போடுங்க. நான் பிளேன் ஏறுறப்ப சின்னவனுக்கு எட்டு மாசம். போயிட்டு வந்து போடலாம்னு நெனச்சேன்" என்றாள். பிள்ளைகள் ஊசியைப் பார்க்கவில்லை. திரையில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழும்புப் பிள்ளைக்கும் புதுக் கொப்பி திறந்து அங்கேயே போட்டார்கள்.

வேண்டாம் என்ற வீடு

அந்தப் பெண் என்னிடம் படித்தவள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி), பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்கும் புரதம்) என்று நான் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியவள். இப்போது கொழுந்து மலையில் பேர் போடுகிறாள், அதாவது நாட்கூலிக்குப் பதிந்து கொழுந்து பறிக்கிறாள். மகளுக்கு நாலு வயது.

பரிசோதகர் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: "இவ்வளவு நாளும் வர முடியாமல் போனது ஏன் என்று கேளுங்கள்." மெல்லத்தான் சொன்னார். அது என் வாயில் இப்படி வெளியே வந்தது: "ஏம்மா இவ்வளவு நாளா போகாம இருந்த? நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா என்னா செய்வ?" இரண்டாவது கேள்வியை யாரும் என்னிடம் தரவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். முதல் கேள்விக்கும் வாத்தியார் குரல் ஏறியிருந்தது. இஸ்தோப்பில் பத்துப் பேர் நின்றார்கள்.

"போட மாட்டேன் சேர்" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பரிசோதகர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் தனியாகப் போனேன். இரண்டாம் தரம்தான் பேசினாள். குசினி வாசலில் ரொட்டிக்கு மா பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னது:

"ஆறாம் மாச ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி பூரா பிள்ளை நெருப்பா கொதிச்சிச்சு சேர். தொடையில கல்லு மாதிரி கட்டி. மிஸ்ஸி என்னமோ சொல்லித்தான் அனுப்புனாங்க, எனக்கு வெளங்கல. மறுநாள் பேர் போச்சு, அதுக்கு மறுநாளும் போச்சு. ஒம்போதாம் மாசம் கிளினிக் அன்னைக்கு மலையில கொழுந்து கூடுன நேரம், போகல. அடுத்த மாசம் போவோம்னு இருந்தேன். அப்புறம் பிந்திப் போனா ஏசுவாங்கன்னு பயம். ஒரு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் எந்த மொகத்தோட போறது?"

இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில் நடந்தது ஒரு தவறல், ஒரு கிளினிக் நாள். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய், கிலோ குறைந்தால் அரைப் பேர். தவறல் வெட்கமானது. வெட்கத்தோடு இரண்டு வருடம் இருந்த பிறகுதான் அது ஒரு கருத்தாக மாறியது. ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பின்னால் பிள்ளைப்பேறு இருக்காது என்ற டிக்டொக் குரல் வந்து சேர்ந்தது கடைசியில்தான். அதற்கு வாசல் முன்பே திறந்திருந்தது. நாமோ அந்தக் கடைசிப் பொய்யைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டு அறிவியல் விளக்கம் கொடுக்கிறோம். 1998இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் 12 பிள்ளைகளை வைத்து எழுதி, எம்.எம்.ஆருக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது, எழுதியவரின் மருத்துவப் பதிவும் போனது என்றெல்லாம் நானும் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பயந்தது கற்பனைக் காய்ச்சலுக்கு இல்லை. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசியில் குக்கல் (கக்குவான் இருமல்) கிருமிப் பகுதி இருக்கிறது. அது அன்று ராத்திரியே காய்ச்சலும் தொடை வீக்கமும் கொடுக்கக்கூடியது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். எம்.எம்.ஆருக்கு வேறு கணக்கு, காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், பலருக்கு வருவதே இல்லை. இந்த வித்தியாசத்தை யாராவது தமிழில் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதை அந்த 9ஆம் மாதத்திலேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமியார் சொன்னது

மா பிசைகிற பேச்சுக்கு நடுவே மாமியார் புகுந்தார். எழுபதை நெருங்கும் வயது, இடுப்பில் இன்னும் படங்கு கட்டின தழும்பு. "ஊசி ஊசின்னு எங்களையுந்தான் லொறியில ஏத்துனாங்க தம்பி. மூணாவது பிள்ளை பொறந்த கையோட. என்னான்னு சொல்லல. கைநாட்டு வாங்குனாங்க. காசு குடுத்தாங்க. வந்து பாத்தா வயித்துல தையல்."

மலையகத்தில் இதைக் கேட்டிராத வீடு குறைவு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது, 500 ரூபாய் வரை போனது. நாட்டின் மற்றப் பகுதிகளை விடத் தோட்டப் பெண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் அதிகம். எத்தனை பேர் விளங்கிச் செய்தார்கள், எத்தனை பேர் லொறியில் ஏறியதால் செய்தார்கள் என்பது வேறு கேள்வி. இப்போதும் கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடும் தெபோவும் ஊசிதான், பிள்ளைக்குப் போடுவதும் ஊசிதான். ஒரே வாசல், ஒரே மேசை, ஒரே சொல். டிக்டொக் காரன் சொன்ன பொய் இந்த லயத்தில் ஏன் மெய் மாதிரி ஒலித்தது என்று கேட்டால், நான் மாமியாரின் வயிற்றுத் தையலைத்தான் காட்டுவேன். அதை மூடநம்பிக்கை என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையை எழுதுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டும் முன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு, உடம்பு சோதித்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றப்பட்டார்கள். தோட்டத்துக்கு நோய் வரக்கூடாது, ஆள் குறையக்கூடாது என்பதுதான் அங்கே கணக்கு. அந்த அம்மைக் குத்து அவர்கள் உயிரையும் காப்பாற்றியது, சந்தேகமில்லை. பெரியம்மை உலகத்தை விட்டே போனது, 1980இல் அறிவித்தார்கள். ஆனால் நம்மிடம் கேட்டுப் போடும் பழக்கம் அங்கிருந்து தொடங்கவில்லை.

இதைச் சொன்னதால் மலையக ஆட்கள் ஊசிக்கு எதிரி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2021இல் கொவிட் ஊசிக்கு எங்கள் பாடசாலை மண்டபத்தின் முன்னால் விடியும் முன்பே கொங்காணி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இதே ஆட்கள்.

100இல் 95 என்றால் என்ன

சிலர் 'மந்தை எதிர்ப்புச் சக்தி' என்று எழுதுகிறார்கள். நம் ஆட்களிடம் போய் நீங்கள் மந்தை என்று சொல்லிப் பார்க்கட்டும். சமூக எதிர்ப்புச் சக்தி என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: யாருக்குமே பாதுகாப்பு இல்லாத ஊரில் சின்னமுத்து வந்த ஓர் ஆள் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். 15 என்று எடுப்போம். அந்த 15 பேரில் 14 பேரிடம் கிருமி முட்டித் திரும்பினால், அது ஒருவரிலிருந்து ஒருவருக்கு மட்டும்தான் போகும், பெருகாது. 15இல் 14 என்றால் 100க்கு 93. ஊசி போட்ட எல்லாருக்கும் அது பிடிக்காது. 9 மாதத்தில் போடும் முதல் ஊசி 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 85 பேருக்குப் பிடிக்கும், இரண்டும் போட்டால் 97 பேருக்கு. இதையெல்லாம் சேர்த்துத்தான் 95 பேருக்காவது இரண்டு ஊசியும் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

இலங்கை முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் அந்த 95ஐப் பல வருடங்களாகத் தாண்டித்தான் நிற்கிறோம். பெருமைப்படலாம். ஆனால் கிருமி நாட்டுக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. அந்த லயத்தில் 14 பிள்ளைகளில் வயதுக்குரிய ஊசி இருந்தது 8 பேருக்கு, அதாவது 100க்கு 57. நாட்டில் 100க்கு 3 பேர் விடுபட்டால், அந்த மூன்று பேரும் பரவலாக நூறு ஊரில் இருப்பதில்லை. ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி மொழிச் சிக்கல், ஒரே டிக்டொக் குழு என்று ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்துதான் விடுபடுகிறார்கள். என் கணக்கில் இந்த நிகழ்வு சொல்லும் விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணைக்கதை.

ஊசி போட முடியாத ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை, கர்ப்பிணி, அப்புறம் 9 மாதம் ஆகாத கைக்குழந்தை. கைக்குழந்தைக்கு அம்மாவிடமிருந்து கொஞ்சம் பிறபொருளெதிரி வரும், மாதம் போகப் போகக் கரையும். நோய் வந்து தப்பிய அம்மா கொடுப்பதைவிட ஊசி போட்ட அம்மா கொடுப்பது குறைவு, சீக்கிரம் தீரும். 2011இல் எம்.எம்.ஆர். அறிமுகமானபோது முதல் ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளியிருந்தார்கள். 2013, 2014இல் சின்னமுத்துப் பரவி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டபோது, அதில் ஒரு வயது ஆகாத குழந்தைகள் நிறைய. அதற்குப் பிறகுதான் 9 மாதத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில் குழந்தைக்குக் காவல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தோளில் போட்ட ஊசிதான்.

எல்லா ஊசியும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்புவலி (டெட்டனஸ்) மண்ணிலிருந்து வருவது. கவ்வாத்துக் கத்தி பட்டவனுக்கு ஊர் முழுக்க ஊசி போட்டிருந்தும் பிரயோசனமில்லை, அவன் போட்டிருக்க வேண்டும்.

25ஆம் திகதியும் அதற்குப் பிறகும்

நவம்பர் 25, சனிக்கிழமை, அந்த நாலு வயது மகளுக்குப் புள்ளி வந்தது. மறுநாள் பக்கத்துக் காம்பரா ஏழு மாதக் குழந்தைக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு அது. அந்தக் குழந்தையின் அம்மா ஒரு கிளினிக் நாள்கூடத் தவறவிட்டவள் இல்லை. கொப்பியில் அவள் எடை வளைவைப் பென்சிலால் தானே தொடர்ந்து போட்டிருந்தாள்.

இரண்டு குழந்தைக்கும் கிருமி கரம் விளையாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், புள்ளி வந்த நாட்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஒன்று மற்றதுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் லயத்தில் அப்படி யாரும் கணக்குப் போடவில்லை.

பெரியவள் காய்ச்சல், இருமல், கண்ணெரிச்சல் என்று ஒரு வாரம் கிடந்து எழும்பினாள். விட்டமின் ஏ கொடுத்தார்கள், வேறு பிரச்சினை வரவில்லை. ஏழு மாதக் குழந்தைக்கு மூன்றாம் நாள் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. நியூமோனியா. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஒட்சிசன் வைத்து, ஒன்பது நாள். நான் ஒருநாள் பார்க்கப் போனேன். குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அவ்வளவு சிறிய நெஞ்சு அவ்வளவு வேகமாக வேலை செய்வதை அதுவரை நான் பார்த்ததில்லை. பிழைத்து வந்தது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் சளியும் வயிற்றோட்டமும் மாறி மாறி வந்தன. சின்னமுத்து மற்றக் கிருமிகளைப் பற்றி உடம்பு வைத்திருக்கும் ஞாபகத்தையும் அழித்துவிட்டுப் போகிறது என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அந்தக் குழந்தை விஷயத்தில் அதுதானா என்று சொல்ல நான் ஆளில்லை.

ஊசி ஒழுங்காகப் போட்டிருந்த அந்த 8 பேர்? அதே இஸ்தோப்பில், அதே கரம் பலகையைச் சுற்றி, அதே பையனின் மூச்சுக்காற்றில் இரண்டு நாள் இருந்தவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த 8 பேரும் சுவர் மாதிரி நின்றதால்தான் கதை அந்த லயத்தோடு நின்றது, பாடசாலைக்கு வரவில்லை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வரவில்லை. இதை நான் இரண்டு மூன்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். வராத நோயை யார் நினைவில் வைத்திருப்பார்கள்.

இரண்டு அம்மாவும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் சுவருக்கு மேலால் தீப்பெட்டி போவது நின்றுவிட்டது. தண்ணீர்ப் பீலிக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை வைத்துவிட்டு அப்புறம் வருவாள். ஊசி போடாதவளால்தான் குழந்தைக்கு வந்தது என்று லயமே பேசியது. கொழும்பிலிருந்து கிருமியைக் கொண்டுவந்த பையனையும், ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்த இடத்தையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழி போடச் சுலபமான இடம் எப்போதும் பக்கத்து வீட்டுப் பெண்தான். நான் இஸ்தோப்பில் பத்துப் பேர் முன்னால் கேட்ட கேள்விக்கும் அதில் பங்கு உண்டு.

பயந்த ஊரில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதற்கு இரண்டு நாடுகளின் உதாரணம் உண்டு. இங்கே 2008இல் ஐந்து நோய்க்கான அந்த ஊசி அறிமுகமான சில மாதத்தில், ஊசிக்குப் பின் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் வந்தன. ஊசியை நிறுத்தி, வெளி நிபுணர்களோடு ஆராய்ந்தார்கள். ஊசிதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை. 2010இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆட்களும் திரும்ப வந்தார்கள். பசிபிக்கில் சமோவா என்ற சின்னத் தீவு நாடு. 2018இல் தாதிமார் எம்.எம்.ஆர். மருந்தைத் தவறான திரவத்தில் கரைத்துப் போட்டதில் 2 குழந்தைகள் இறந்தன. தவறு தாதிமாருடையது, ஊசியுடையது இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஊசி நின்றது, வதந்தி நிற்கவில்லை. ஊசி போட்ட குழந்தைகள் 100க்கு 31 என்ற அளவுக்கு இறங்கியது. 2019 கடைசியில் சின்னமுத்து வந்தபோது 2 லட்சம் பேர் உள்ள அந்த நாட்டில் 83 பேர் போனார்கள், பெரும்பாலும் 5 வயதுக்குக் கீழே.

ஜனவரி கிளினிக்

2024 ஜனவரியில் சின்னமுத்து அபாயம் கூடிய மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட அரசாங்கம் முடிவெடுத்தது. எங்கள் தோட்டத்தில் நடந்த மாற்றம் அதைவிடச் சின்னது. பரிசோதகர் ஒருநாள் என்னிடம், கிளினிக்குக்கு எந்த நேரம் வந்தால் பேர் போகாது என்று கேட்டார். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பிள்ளைக்காம்பராவில், என்றேன். பிள்ளைகளை எடுக்க அம்மாமார் எப்படியும் அங்கே வருவார்கள். துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) பேசி ஒப்புக்கொள்ள வைத்தது தோட்டத் தலைவர். தமிழ் பேசும் மிட்வைஃப் ஒருவரைப் பக்கத்துப் பிரிவிலிருந்து மாதத்தில் ஒரு நாள் அனுப்பினார்கள். கொப்பியில் அடுத்த திகதியைத் தமிழில் எழுதுவது அன்றிலிருந்துதான் தொடங்கியது. என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

அவள் வந்திருந்தாள். படங்கை அவிழ்க்காமல், தலையில் கொழுந்துக் கயிற்றின் தடத்தோடு, மகளை முன்னால் விட்டு வரிசையின் கடைசியில் நின்றாள். ரோஸ் கொப்பி கையில்.

மிட்வைஃப் கொப்பியைப் புரட்டினார். காலியான கட்டங்களைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "பிள்ளைக்குச் சின்னமுத்து வந்ததா அக்கா?" என்றார்.

"வந்துச்சு மிஸ்ஸி. வந்ததுதானே, இனி எதுக்கு ஊசி?"

"அது ஒண்ணு வந்திருச்சு. இந்த ஊசியில மூணு இருக்கு. கூகைக்கட்டும் ருபெல்லாவும் இன்னும் வரல்லதானே. பொம்பளப் பிள்ளை, நாளைக்கு வயித்துல பிள்ளை இருக்கிறப்ப ருபெல்லா வந்தா அந்தப் பிள்ளைக்குக் கண்ணு, காது, இருதயம் எல்லாத்தையும் பாதிக்கும். இந்த ஊசியால பிள்ளைப்பேறு நிக்காது. பொறக்கப்போற பிள்ளைய இது காப்பாத்தும்."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். மாமியார் வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்ச வருமா?"

"வந்தா இன்னைக்கு வராது. அடுத்த வாரம் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள். வராமலும் போகலாம்."

"வந்தா எத்தனை குடுக்கணும்?"

மிட்வைஃப் பிள்ளையைத் தராசில் ஏற்றினார். பிறகு பனடோல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து, பேனையால் ஒரு கோடு போட்டுக் கையில் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, பெருவிரலால் கோட்டைத் தேய்த்து, அழியவில்லை என்று தெரிந்ததும் மடியில் செருகிக்கொண்டாள்.